ஜோர்ஜ்டவுன் விழா: கொண்டாட்டம் சரி, குடியிருப்பவர்கள் எங்கே?

ஜூலை வந்தாலே பினாங்குக்கு விழாக்காலம்தான். ஜூலை 7 மாநிலப் பொது விடுமுறை. 2008இல் அதே நாளில்தான் ஜோர்ஜ்டவுன், மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. அதைக் கொண்டாட 2010இல் தொடங்கியது ஜோர்ஜ்டவுன் விழா. நாடகம், நடனம், கண்காட்சி எல்லாம் பழைய கடைவீடுகளுக்கும் தெருக்களுக்கும் வந்தன. நாம் வரிசையில் நின்று செல்ஃபி எடுக்கும் லெபோ ஆர்மேனியன் சைக்கிள் ஓவியம்கூட 2012 விழாவுக்காக எர்னெஸ்ட் சக்காரெவிச் வரைந்ததுதான்.

சரி, இதில் என்ன சிக்கல்?

யுனெஸ்கோ வெறும் கட்டடங்களைப் பார்த்து இந்த அந்தஸ்தைத் தரவில்லை. பல இனத்தவர் இன்னும் இங்கே சேர்ந்து வாழ்வதும் ஒரு காரணம். லெபோ குவீன் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து, தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மொஹிதீன் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குச் சில நிமிட நடைதான்.

ஆனால் இங்கே குடியிருப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். பழியை விழா மீது போடுவது நியாயமில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தானது. 2000இல் வாடகை எகிறியபோதே பல குடும்பங்கள் கிளம்பிவிட்டன. பாரம்பரிய அந்தஸ்து கிடைத்த பிறகு ஹோட்டல், கஃபே முதலீடு குவிந்தது. விழா அந்தக் கவர்ச்சியைக் கூட்டியது, அவ்வளவுதான்.

விழா முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். லெபோ பசாரில் பூக்கடைக்காரர் ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு மாடிவீட்டுக்கு ஏறுகிறாரா, இல்லை பஸ் பிடித்து ஊருக்கு வெளியே போகிறாரா? அந்தக் கணக்கையும் கேட்க வேண்டும்.