பெயர் ஒன்று, கார்ட் இரண்டு

2017 மே மாதம் என்விடியா கம்பனி ஜிடி 1030 என்ற மலிவான கிராபிக்ஸ் கார்டைச் சந்தைக்கு விட்டது. அதில் இருந்தது ஜிடிடிஆர்5 நினைவகம். செக்கனுக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும். அடுத்த ஆண்டு, சத்தமில்லாமல், அதே பெயரில் இன்னொரு கார்ட் கடைகளுக்கு வந்தது. பெட்டியில் அதே 1030. உள்ளே சாதாரண டிடிஆர்4, கடத்தும் வேகம் 17 ஜிபிக்கும் சற்றுக் குறைவு. அமெரிக்காவின் கேமர்ஸ் நெக்சஸ் என்ற சோதனைத் தளம் இரண்டையும் பூட்டிச் சோதித்தபோது பல கேம்களில் புதியது பழையதன் பாதி வேகத்துக்கே திணறியது. தோட்டத்துக் கணக்கில் சொன்னால், முழுப் பேருக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு அரைப் பேர் வேலை.

பதுளை மாவட்டத்தின் பசறை, லுணுகலை, மடூல்சீமைப் பக்கத்தில் கார்ட் வாங்கக் காசு சேர்க்கும் இளைஞர்கள் முதலில் பார்ப்பது யூடியூப் ஒப்பீட்டு வீடியோவைத்தான். திரையின் இடது பாதியில் ஒரு கார்ட், வலது பாதியில் மற்றது, மேல் மூலையில் செக்கனுக்கு எத்தனை பிரேம் என்று ஓடும் எண். எண் கூடிய கார்டே நல்ல கார்ட் என்று முடிவாகிவிடும். எண் பொய் சொல்வதில்லை. ஆனால் அது எடுக்கப்பட்டது புத்தம்புதிய மதர்போர்டிலும் விலையுயர்ந்த புரொசசரிலும், ஆட்டம் காணாத மின்சாரத்திலும். பசறையில் கார்ட் வாங்குபவர் பிரேம் கணக்கைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும்.

என்விடியாவின் ஒரு ஜோடியை எடுத்துப் பார்க்கலாம். ஆர்டிஎக்ஸ் 3060 வந்தது 2021 பெப்ரவரியில், அறிமுக விலை 329 டொலர். ஆர்டிஎக்ஸ் 4060 வந்தது 2023 ஜூனில், 299 டொலருக்கு. சாதாரண 1080பி திரையில் கேம் விளையாடினால் புதியது ஏறத்தாழ 15 முதல் 20 வீதம் முந்தும். ஒப்பீட்டு வீடியோ அத்தோடு முடிந்துவிடும். ஆனால் பழையதில் 12 ஜிபி நினைவகம் இருக்க, புதியதில் 8 ஜிபிதான்.

அந்த நான்கு ஜிபி யாருக்குத் தேவை? பதுளை மாவட்டத்துச் சிறு நகரங்களில் இப்படிப்பட்ட கார்டைப் பாவிப்பவர்களில் கேம் விளையாடுபவர்களைவிட ஸ்டூடியோக்காரர்கள் முக்கியமானவர்கள். கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா எல்லாவற்றையும் இன்று 4கே வீடியோவாக எடுக்கிறார்கள். மங்கலான மண்டப வெளிச்சத்தில் எடுத்ததைச் சுத்தம் செய்ய டாவின்ச்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் இரைச்சல் குறைக்கும் வசதியைப் போட்டால் நினைவகம் வேகமாக நிரம்பும். நிரம்பியதும் ரெண்டர் நின்று, நினைவகம் போதாது என்ற செய்தி வந்து நிற்கும். அந்த இடத்தில் 20 வீத வேகத்தால் ஒரு பயனும் இல்லை. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க விரும்பும் கணினி மாணவருக்கும் இதே கதைதான். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருப்பதால் அப்படிப்பட்ட மாணவர்கள் இந்த மாவட்டத்தில் குறைவில்லை. மாதிரி நினைவகத்துக்குள் அடங்கினால்தான் வேகத்தைப் பற்றிப் பேசலாம்.

4060இன் பக்கமும் நியாயம் உண்டு. பழையது உச்ச வேலையில் 170 வாட் இழுக்கும், புதியது 115. தினம் ஆறு மணி நேரம் அப்படி ஓடினால் 55 வாட் வித்தியாசம் மாதத்துக்குப் பத்து யூனிட் ஆகும். கொழும்பில் அது பொருட்டில்லாமல் போகலாம். 60 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண அட்டவணையே மாறும் நாட்டில், சிக்கனமாக 55இல் நிற்கும் வீட்டை மேலே தள்ள அந்தப் பத்து போதும். 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று மின்கட்டணம் ஏறியபோது பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, கார்ட் கணினிக்குள் போகுமா என்பது. நம் பக்கத்தில் பலரிடம் இருப்பது வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்பி கணினிகள். விலைக்கு நல்ல பொருள்தான். ஆனால் அவற்றில் பலவற்றின் பவர் சப்ளை 250 வாட் அளவில்தான் இருக்கும். 3060க்கும் 4060க்கும் வேண்டிய எட்டு முனை வயரே அதில் இருக்காது. மெலிந்த பெட்டியாக இருந்தால் முழு உயரக் கார்ட் உள்ளே நிற்கவும் நிற்காது. அப்படிப்பட்ட கணினிக்கு 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 போன்ற 75 வாட் கார்ட், அதுவும் குட்டை வகை, பொருந்தும். பழைய மதர்போர்டில் 4060க்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. மதர்போர்டோடு தரவு பரிமாற அது எட்டு லேன் (பாதை) மட்டுமே பாவிக்கும், 3060 பதினாறு. பழைய பிசிஐஇ 3 வகைப் போர்டில், 8 ஜிபி நிரம்பிய நேரத்தில், அந்தக் குறை தெரியும்.

செகன்ட் ஹேண்ட் சந்தை தனி உலகம். 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டால் தோண்டும் முறையைக் கைவிட்டதும், அப்படித் தோண்டப் பாவித்த கார்ட்கள் உலகெங்கும் மலிவாகக் கொட்டின. அவற்றில் அதிகம் கண்ணில் படுவது ஏஎம்டி கம்பனியின் ஆர்எக்ஸ் 580. 2017இல் வந்த அசல் 580இல் 2304 கோர்கள். 2018இல் சீனச் சந்தைக்காக ஏஎம்டி இறக்கிய 580இல் 2048 கோர்கள்தான். உண்மையில் அது அதன் தம்பி 570. விற்பவர் பலர் அந்த 2048 என்ற எண்ணை விளம்பரத்தில் எழுதுவதில்லை.

பெயராலும் எண்ணாலும் குழப்புவது பெரிய கம்பனிகளுக்குப் புதிதல்ல. 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 970இன் 4 ஜிபியில் அரை ஜிபி மிக மெதுவானது என்று பின்னர் தெரியவர, வழக்கு நடந்து 2016இல் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குக் கார்டுக்கு 30 டொலர் கொடுக்க என்விடியா ஒப்புக்கொண்டது. இலங்கையில் வாங்கியவருக்கு அந்த 30 டொலர் இல்லை.

ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 4060இன் அறிமுக விலை மட்டும் 90,000 ரூபாவைத் தொடும். கப்பல் கூலி, 18 வீத வற் வரி, இறக்குமதியாளரின் இலாபம், கடைக்காரரின் இலாபம் எல்லாம் அதற்கு மேல். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த அன்றைய 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது ஏறத்தாழ 67 நாள் கொழுந்து. கோணக்கலைத் தோட்டத்திலோ எல்டெப் தோட்டத்திலோ தாய் கொழுந்து பறித்துச் சேர்த்த காசில் வாங்கப்படும் கார்ட் எட்டு மாதத்தில் கருகினால் என்ன நடக்கும்?

அநேகமாக ஒன்றும் நடக்காது. ஒரு வருட வொரன்டி என்றால் அதில் 14 வேலை நாட்கள் குறைவு என்று பல கடைகளின் பில்லில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். எரிந்த அடையாளம், மின்னல், மின்னழுத்தக் கோளாறு மூன்றுக்கும் வொரன்டி கிடையாது. ஊவா மலையில் பருவமழைக்கு முந்திய மாதங்களில் பிற்பகல் இடிமின்னல் வழக்கமானது. மின்கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் லயங்களில் மாலையில் எல்லா வீட்டிலும் லைட் போட்டதும் வோல்டேஜ் இறங்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடு முழுக்க இருண்டது என்று அமைச்சரே சொன்னார். குரங்குக்கும் வொரன்டி இல்லை. எனவே வாங்கும் தொகையில் ஒரு பங்கை நல்ல பவர் சப்ளைக்கும் யூபிஎஸ்ஸுக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் கார்ட் பார்ப்பதுதான் புத்தி. வேகத்தில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை.

எட்டு முனை வயர் உள்ள கணினி இருந்து, வேலை வீடியோ எடிட்டிங்காகவும் இருந்தால், இன்றும் 12 ஜிபி 3060தான் பொருத்தமானது. ஆனால் பெட்டியில் 12 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2022 கடைசியில் 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்ட் ஒன்றும் வந்தது, அதன் நினைவகப் பாதையும் குறுகியது. விளையாட்டு மட்டும் என்றால் 4060.

கடைக்காரர்களிடம் கேட்க வேண்டியது பெரிய விஷயமில்லை. கார்டின் முழு மாதிரிப் பெயர், நினைவகத்தின் வகையும் அளவும், எத்தனை வாட், வொரன்டி முடியும் திகதி ஆகிய நான்கையும் பில்லில் எழுதித் தரட்டும். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் பதுளையில் வாங்கினாலும் சட்டம் ஒன்றுதான். நான்கையும் எழுத மறுக்கும் கடையில் வாங்காமல் திரும்பலாம். எழுதியது ஒன்று, பெட்டிக்குள் இருந்தது வேறு என்றால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். கையில் எழுத்தில் ஆதாரம் இருக்கும்.