எல்லாம் சூடுதானா?

வேலூரிலிருந்து ஆம்பூர் வரையில் தோல் தொழிலை நம்பியிருக்கும் ஊர்களில், பூட்ஸ் தைக்கும் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையிலேயே பஸ் ஏறும் பெண்மணிகள் அநேகர். அவர்களில் ஒருத்தி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், வீட்டுப் பெரியவர்கள் கூறும் வியாக்கியானம் ஒன்றே: "உடம்புச் சூடு. வெந்தயத்தை மோரில் போட்டுக் குடி." வெந்தயத்தின் மீது நமக்கு யாதொரு விரோதமும் இல்லை. ஆனால் ஒரு சொல்லுக்குள் எத்தனை வியாதிகளைத்தான் ஒளித்து வைப்பது?

கர்ப்பப்பை, சினைப்பைகள், மூத்திரப்பை, குடல் யாவும் அங்கே நெருங்கி அமைந்திருக்கின்றன. எது நோயுற்றாலும் வலி ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தெரியும். எரிச்சலுடன் அடிக்கடி சிறுநீர் பிரிந்தால் பெரும்பாலும் அது மூத்திரத் தொற்று. வேலை நடுவே எழுந்து போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடியாதிருப்பவர்களை இது எளிதில் பிடிக்கும். காய்ச்சலும் துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்தால் கர்ப்பப்பையிலும் கருக்குழாய்களிலும் தொற்று இருக்கலாம். நம் தேசத்தில் க்ஷயரோகங்கூடக் கருக்குழாய்களைத் தாக்குவதுண்டு.

'எண்டோமெட்ரியோஸிஸ்' என்று மற்றொன்று. கர்ப்பப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு அதற்கு வெளியே வளர்ந்து வதைப்பது. பிள்ளை பெறும் வயதினரில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. ஸ்கான் படத்தில் ஒன்றும் தெரியாமலே இந்நோய் இருக்கக்கூடும். படம் சுத்தம், ஆகவே வலி பாசாங்கு என்று தீர்ப்புக் கூறும் கணவன்மார்கள் இதைக் கவனிப்பார்களாக.

1890-களில் திண்டிவனத்தில், ஆண் டாக்டர் தொடலாகாதென்று வீட்டார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டார்கள். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார் வைத்தியம் படித்துத் திரும்பி, 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்று வைத்தியப் பள்ளி தொடங்கினார். இன்று அவ்வூரில் பெண் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களிடம் போய்ச் சொல்லவேண்டிய வாய்தான் இன்னும் திறந்தபாடில்லை.

வலி ஆறு மாதம் நீடித்தாலோ, மாதந்தோறும் வேலையை நிறுத்தினாலோ பரிசோதனை அவசியம். எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் இருந்தது, சிறுநீரோ மலமோ கழிக்கும்போது அதிகரித்ததா என்று காலண்டரில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். மாதவிலக்குத் தள்ளிப்போயிருக்கையில் திடீரென்று கடும் வலியும் மயக்கமும் கண்டால், கர்ப்பம் குழாயில் தங்கி அது வெடித்திருக்கலாம். அப்போது காலண்டரும் வேண்டாம், மோரும் வேண்டாம். அந்த நிமிஷமே 108-க்கு டெலிபோன் செய்யுங்கள்.