மூடிக்குள் இருந்த கையெழுத்துகள்

ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் உங்கள் விசைப்பலகையைப் பாருங்கள். கீழ் வரிசையில், நான்கு மூலையிலும் சுழி போட்ட ஒரு சதுரம் இருக்கும். பார்க்கச் சின்னக் கோலம் போலவே இருக்கும். நகல் எடுக்க, ஒட்ட, சேமிக்க என்று ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அதை அழுத்துகிறோம். அது எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறோமா?

சுவீடன் நாட்டு முகாம் தளங்களில், 'இங்கே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது' என்று காட்டப் பயன்படுத்திய அடையாளம் அது. மெக்கின்டாஷ் கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, அந்த விசைக்கு ஆப்பிள் சின்னத்தைத்தான் முதலில் வைத்திருந்தார்கள். திரையில் பட்டியலைத் திறந்தால் வரிக்கு வரி ஆப்பிள் பழம். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு அது பிடிக்கவில்லை. நம் சின்னத்தை இப்படி வீணாக்குவதா என்று சத்தம் போட்டார். குழுவின் ஓவியர் சூசன் கேர், சின்னங்களுக்கான ஓர் அகராதியைப் புரட்டிப் புரட்டி இதைக் கண்டுபிடித்தார். 40 ஆண்டுகள் தாண்டியும் அது அப்படியே நம் விரலுக்கடியில் இருக்கிறது.

இந்தக் கதை நமக்கு எப்படித் தெரியும்? அங்கே இருந்த ஒருவர் எழுதி வைத்ததால்தான். இந்த வாரம் அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அவர் பெயர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட். 1981-ல் மெக்கின்டாஷ் குழுவில் சேர்ந்த மென்பொருள் வல்லுநர். 1984 ஜனவரி 24-ஆம் தேதி அந்தக் கணினி வெளிவந்தது. 9 அங்குலத் திரை, 128 கிலோபைட் நினைவகம், விலை 2,495 அமெரிக்க டாலர். இன்று நாம் புலனத்தில் அனுப்பும் ஒரு 'காலை வணக்கம்' படமே அந்த நினைவகத்துக்குள் அடங்காது. ஆனால், படத்தைச் சுட்டி, எலியால் சொடுக்கி வேலை செய்யும் பழக்கத்தைப் பொதுமக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்த கணினிகளில் அது முக்கியமானது.

அது வெளிவந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து, ஹெர்ட்ஸ்ஃபெல்ட் ஒரு வேலையைத் தொடங்கினார். அந்தக் குழுவில் நடந்தவற்றைச் சின்னச் சின்னக் கதைகளாக எழுதினார். உடன் வேலை செய்தவர்களையும் எழுதச் சொன்னார். அவை 2004-ல் 'ரெவல்யூஷன் இன் தி வேலி' என்ற நூலாக வந்தன.

அதில் எனக்குப் பிடித்த இரண்டு கதைகள்.

முதலாவது, பில் அட்கின்சன் பற்றியது. திரையில் வட்டம் வரைய வர்க்கமூலம் கணக்கிட வேண்டும். அன்றைய சில்லுக்கு அது பெரும் சுமை. அட்கின்சன் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டுங்கள்: 1, அடுத்து 1+3=4, அடுத்து 1+3+5=9. எல்லாம் வர்க்க எண்கள். ஆக, வெறும் கூட்டலிலேயே வட்டம் வரைந்துவிடலாம். பெருமையோடு காட்டினார். ஜாப்ஸோ, மூலை வளைந்த செவ்வகம் வரையுமா என்று கேட்டார். அது எதற்கு என்றார் அட்கின்சன். ஜாப்ஸ் அவரை வெளியே நடக்கக் கூட்டிப்போய், வாகனம் நிறுத்தக்கூடாது என்ற அறிவிப்புப் பலகை வரைக்கும் காட்டினார். எல்லாமே மூலை வளைந்தவை! மறுநாள் மதியமே அட்கின்சன் அதைச் செய்து முடித்துக் கொண்டுவந்தார். இன்று உங்கள் கைத்தொலைபேசித் திரையில் இருக்கும் செயலிப் படங்களின் மூலைகளைப் பாருங்கள்.

இரண்டாவது கதையும் அவருடையதே. மென்பொருளாளர்கள் வாரம் எத்தனை வரி எழுதினார்கள் என்று நிர்வாகம் படிவம் கேட்டது. அட்கின்சன் அந்த வாரம் ஒரு பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். நிரல் பல மடங்கு வேகமானது. 2,000 வரி குறைந்தது. படிவத்தில் 'கழித்தல் 2,000' என்று நிரப்பிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். வேலையை எண்ணிக்கையால் அளக்கும் எல்லா அலுவலகங்களிலும் இதைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

இவற்றில் எதுவுமே நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வந்திருக்காது. காகிதங்களைப் பொறுத்தவரை, ஆப்பிள் தன் பழைய ஆவணங்களை 1997-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. நல்ல காரியம். ஆனால், கடிதமும் அறிக்கையும் என்ன முடிவு எடுத்தார்கள் என்பதைச் சொல்லும். எப்படிச் சண்டை போட்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை ஆட்கள்தாம் சொல்ல வேண்டும்.

ஆட்கள் சொன்னால் அதிலும் சிக்கல் உண்டு. மெக்கின்டாஷ் திட்டத்தை 1979-ல் தொடங்கியவர் ஜெஃப் ராஸ்கின். சாதாரண மக்கள் எளிதாகப் பயன்படுத்தும் மலிவான கணினி வேண்டும் என்பது அவர் கனவு. பெயர் வைத்ததும் அவர்தான்; அவருக்குப் பிடித்த ஆப்பிள் வகையின் பெயர் அது. 1981-ல் ஜாப்ஸ் திட்டத்தைக் கையில் எடுத்தார். மறு ஆண்டு ராஸ்கின் நிறுவனத்தை விட்டே வெளியேறினார். யார் எதைச் செய்தார் என்பதில் மற்றவர்கள் சொன்ன கதையை அவர் ஒப்புக்கொண்டதில்லை. தம் பக்கத்தைத் தொடர்ந்து சொல்லி வந்தார். 2005-ல் காலமானார்.

இதைக் குறையாக நான் நினைக்கவில்லை. ஒரு வீட்டில் நடந்த கல்யாணத்தை அத்தை ஒரு மாதிரியும் சித்தப்பா ஒரு மாதிரியும் சொல்வதில்லையா? இரண்டு பேரும் சொன்னால்தான் பிற்காலத்தில் வருபவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒருவர் மட்டுமே சொன்னால் அதுவே சரித்திரம் ஆகிவிடும்.

மென்பொருளுக்கும் இதே நிலைதான். அட்கின்சன் எழுதிய மேக்பெயின்ட் என்ற வரைகலை நிரலைப் படிக்க ஆசைப்பட்டவர், கணினி அறிவியல் மேதை டொனால்ட் நூத். அவர் கேட்ட பிறகுதான் மூலநிரலைத் தேடும் வேலை சூடுபிடித்தது. அதுவோ வழக்கொழிந்துபோன லிசா கணினிக்கான வட்டுகளில் கிடந்தது. தேடி மீட்டு, ஆப்பிளின் அனுமதியும் பெற்று, 2010 ஜூலையில்தான் கலிஃபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் அதை வெளியிட்டது. உலகமே பாராட்டிய ஒரு படைப்புக்கே இந்தக் கதி என்றால், மற்றவற்றை நினைத்துப் பாருங்கள். வட்டு இருந்தால் போதாது. அதைப் படிக்கும் கருவி வேண்டும். கருவியை இயக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

எனக்கு இது புதிய வலி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, மூத்த அறிவிப்பாளர் ஒருவர் மறைந்தபோது, நினைவஞ்சலி நிகழ்ச்சிக்காக அவருடைய பழைய பதிவைத் தேடினேன். ஒலிநாடா கிடைத்தது. உறையில் அவர் பெயர், நிகழ்ச்சியின் பெயர், தேதி எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. ஓடவிட்டால், வேறு யாரோ வாசித்த விளம்பரம். நாடா விலை அதிகம் என்பதால் அழித்து அழித்துப் பதிந்த காலம் அது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் இருந்தபோது, ஒரு மாலைப் பொழுது கைத்தொலைபேசியை முன்னால் வைத்துப் பேசவிட்டிருக்கலாமே என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் இருந்துவிட்டேன்.

அட்கின்சன் 2025 ஜூன் மாதம் காலமானார். அந்த வட்டத்தின் கதையை இனி அவரிடம் கேட்க முடியாது. ஆனால் கதை இருக்கிறது.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதே மெக்கின்டாஷ் வழிவந்த கணினிகளில் இடம்பெற்ற இணைமதி எழுத்துருவை உருவாக்கியவர் நம் மலேசியாவின் முத்து நெடுமாறன். முரசு அஞ்சலைத் தந்தவரும் அவர்தான். தமிழைத் திரையில் கொண்டுவரப் பாடுபட்ட காலத்தில் அச்சகத்தில், பத்திரிகை அலுவலகத்தில், பள்ளியில் கணினியோடு மல்லுக்கட்டியவர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். எழுத்துக் கோத்தவர் எப்படிக் கணினிக்கு மாறினார்? முதல் நாள் திரையில் 'ழ' உடைந்து வந்தபோது என்ன செய்தார்? அவரைக் கேட்டால்தான் தெரியும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை தேநீர் நேரத்தில் கேளுங்கள். என்ன சாதித்தீர்கள் என்று கேட்காதீர்கள், கூச்சப்படுவார்கள். எது சரிவராமல் போனது, யாரோடு வாக்குவாதம் என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். பதிவின் தலைப்பில் பெயரையும் தேதியையும் போடுங்கள். ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. 1982 பிப்ரவரி 10-ஆம் தேதி, மெக்கின்டாஷ் குழுவினர் ஒரு பெரிய தாளில் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்துகள் கணினிப் பெட்டியின் உட்புறத்தில் பதிக்கப்பட்டன. வாங்கியவர் யார் கண்ணிலும் அது படாது. பெட்டியைக் கழற்றினால்தான் தெரியும். செய்தவர்களின் பெயர் உள்ளே இருக்கட்டும் என்று நினைத்தார்கள்.

நம் மூத்தவர்கள் அப்படிக் கையெழுத்துப் போடாமலேயே வேலை செய்து ஓய்ந்தவர்கள். அவர்கள் பெயரை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.