மாதிரி பார்க்காமல் மூட்டை இறக்கலாமா?



துவரம் பருப்பு லோடு வந்து நின்றால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு கை எடுத்துப் பார்க்கிறோம். திருப்தியானால்தான் இறக்கச் சொல்கிறோம். ஆனால் செல்போன் செயலி என்று வந்துவிட்டால் மட்டும் மாதிரி பார்க்காமலே பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

நமது மண்டியிலும் இது நடந்தது. சில்லறைக் கடைக்காரர்கள் செல்போனிலேயே ஆர்டர் போடலாம் என்று ஒரு நிறுவனத்தார் வந்து சொன்னார்கள். ஓராண்டுச் சந்தாவை முன்பணமாகக் கட்டினோம். செயலி பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அரை மூட்டை கேட்க அதில் வழியில்லை. பழைய பாக்கியில் பாதி கொடுத்துவிட்டுப் புதுச் சரக்கு எடுக்கவும் இடமில்லை. நம் வியாபாரமே அப்படித்தானே நடக்கிறது! மூன்றாம் மாதமே எல்லோரும் பழையபடி போனில் கூப்பிட, கடைப் பையன் சிட்டையில் எழுத ஆரம்பித்துவிட்டான். செயலி செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒரு நாள்கூட மண்டியில் உட்கார்ந்து பார்க்கவில்லை. உட்காரச் சொல்லி நாமும் கேட்கவில்லை.

கென்யா நாட்டில் நடந்ததைப் பாருங்கள். அங்கே சஃபாரிகாம் என்ற செல்போன் நிறுவனம் 2005ஆம் ஆண்டு எம்-பெசா திட்டத்தைச் சோதித்தது. சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைச் செல்போன் வழியே கட்டலாம் என்பதே முதல் யோசனை. எடுத்த எடுப்பில் நாடு முழுவதும் கடை விரிக்கவில்லை. எட்டுக் கடைகள், 500க்கும் குறைவான வாடிக்கையாளர்கள், அவ்வளவுதான். மக்களோ அதை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். ஒருவருக்கொருவர் பணம் அனுப்பினார்கள். வங்கி மூடிய பிறகு வியாபாரிகள் அன்றைய வசூலை இரவு அதில் போட்டு வைத்தார்கள். வெளியூர் போகிறவர்கள் இங்கே கட்டி அங்கே எடுத்தார்கள். தவணைத் திட்டம் கடன் நிறுவனத்தின் கணக்கு முறையோடு ஒட்டவில்லை. நிறுவனத்தார் பிடிவாதம் பிடிக்காமல், 2007 மார்ச்சில் அதை வீட்டுக்குப் பணம் அனுப்பும் சேவையாக வெளியிட்டார்கள். அது நாடு முழுவதும் பரவியது.

ஆகவே நமது சங்கங்கள் எந்தச் செயலியையும் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைக்கும் முன் பத்துக் கடைகளில் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் நம் வயதுக்காரர் கடையும் இருக்கட்டும். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் மரியாதைக்கு "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வோம். மாலைக் கூட்ட நேரத்தில் கடைக்காரர் கை செல்போனுக்குப் போகிறதா, சிட்டைக்குப் போகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மாதம் முடிந்ததும் கைக்காசு கொடுத்துத் தொடரச் சம்மதிக்கிறார்களா என்பதே கடைசிப் பரீட்சை.

நம் பிள்ளைகள் புது யோசனையோடு வந்தாலும் இதே வழிதான். வீடுகளுக்கு மளிகை அனுப்ப வேண்டுமா? செயலிக்குச் செலவழிக்கும் முன் இருபது வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் பட்டியல் வாங்கி அனுப்பிப் பார்க்கட்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்த ஒரு சோற்றை எடுத்துப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம், எவ்வளவு சலுகை தந்தாலும், சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.