திரௌபதி வேடம் யாருக்கு?

தெருக்கூத்தில் ஓர் ஆண் சவுரி முடிந்து, அரிதாரம் பூசி, திரௌபதியாக வந்து நின்றால் ஊர் கையெடுத்துக் கும்பிடுகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் மீசை அரும்பாத பையன்கள்தாம் வள்ளியும் பவளக்கொடியும். ஸ்திரீபார்ட் ஆணுக்குப் பெருமை சேர்த்தது. அதே மேடையில் பெண் ஏறினால் மட்டும் நடிப்பை விட்டுவிட்டு நடத்தையைப் பேசினோம். பெண்களைக் கொண்டே கும்பகோணத்தில் நாடகக் கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாளுக்கு நம் நாடக வரலாறுகளில் கிடைத்த இடம் எவ்வளவு?

தொண்ணூறுகளில் நாடக இயக்குநர் அ. மங்கையும் அவருடைய குழுவினரும் பெண் சிசுக்கொலையைப் பேசிய ‘பச்ச மண்ணு’வை ஊர்களுக்கு எடுத்துச் சென்றார்கள். இன்குலாப்பின் ‘ஔவை’ கோலூன்றிய கிழவியை ஒதுக்கிவிட்டு, கள்ளுண்டு களித்த இளம் பாணர்மகளைக் கொண்டுவந்தது. திருநங்கைகளின் ‘கண்ணாடி கலைக்குழு’ தங்கள் வாழ்வைத் தாங்களே நடித்தது. 2014இல் லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, திருநம்பியான ஜீ இமான் செம்மலர் மூவரும் சென்னையில் ‘பன்மை’ தொடங்கினார்கள்.

திருநங்கை அ. ரேவதியின் தன்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. மாரியம்மன் திருவிழாவில் சிறுவனாக அறியப்பட்ட அவர் குறத்தி வேடம் கட்டுகிறார். அசல் பெண் போலவே இருக்கிறதே என்று பார்த்தவர்கள் வியக்கிறார்கள். அவர்களுக்கு அது வேடம். அவருக்கோ அந்தச் சேலையில்தான் தான் தானாக இருப்பதாகத் தோன்றுகிறது. திருவிழா முடிந்து உடையைக் களையும்போதுதான் துயரம். ஊர் பாராட்டியது ஒரு நாள் வேடத்தை. அதையே வாழ்வாக்கிக்கொண்டபோது அடித்தது, விரட்டியது. பிற்காலத்தில் மங்கையின் இயக்கத்தில் தன் வாழ்வைச் சொல்லும் ‘வெள்ளை மொழி’ நாடகத்தைத் தனி ஆளாக ரேவதி நடித்ததை, விட்டுப்போன அந்த மேடையை அவர் மீட்டெடுத்ததாகவே நாம் காண்கிறோம்.

ஆனால் இப்போது இன்னொரு கதவு அடைபடுகிறது. திருநங்கையை மேடைக்கு அழைக்கிறோம், அவர் தன் கதையைச் சொல்ல மட்டும். வீட்டைவிட்டு ஓடியது, போலீஸ் அடித்தது, அறுவை சிகிச்சை. அரங்கம் கண்கலங்குகிறது, கைதட்டுகிறது, கலைகிறது. அந்தக் கதைகள் சொல்லப்பட்டே ஆக வேண்டியவை, ஐயமில்லை. ஆயினும் நடிகர் ஒருவரை ஆயுள் முழுக்கச் சாட்சிக் கூண்டிலேயே நிறுத்தி வைப்பது என்ன நியாயம்? வித்யா லண்டன் சென்று கோமாளிக் கலை பயின்றவர். அவருக்கென்று ஒரு கட்டியக்காரன் வேடம் நம் கூத்தில் ஏன் இல்லை? நந்தனாராக நின்று பாட 1935இல் கே. பி. சுந்தராம்பாளால் முடிந்ததே, இன்று ஒரு திருநம்பி அருச்சுனனாகத் தபசு மரம் ஏறினால் என்ன குறைந்துவிடும்? தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடி 2018இல் தளர்ந்த பிறகும், இரு பெண்களின் காதலைத் தமிழ் மேடையில் காண்பது அரிதாகவே இருக்கிறது.

நாடகக்காரர்களிடம் கேட்கிறோம்: அடுத்த நாடகத்துக்கு நடிகர் தேடும்போது திருநங்கைகளையும் திருநம்பிகளையும் அழையுங்கள், எந்தப் பாத்திரத்துக்கும். ஒத்திகைக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள். எங்கள் விமர்சகர்களுக்கும் சொல்லியிருக்கிறோம்: நடிகர் பட்ட பாட்டை விவரித்துக் கட்டுரையை முடித்துவிடாதீர்கள், குரல் எங்கே ஏறியது, வசனம் எங்கே பிசகியது, எதிரே நின்றவரோடு எப்படி இழைந்தார் என்று எழுதுங்கள்.