பதில் வந்ததா?

மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்றுவிட்டால் வீட்டில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழும். அல்லது விழவே விழாது. கம்ப்யூட்டருக்கும் ஒரு சின்ன மின்பலகைக்கும் பேச்சு நின்றுவிட்டால்? சிவகாசிப் பக்கத்தில் இதை வேடிக்கையாகக் கேட்டுவிட முடியாது.

காலேஜில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அவன் மேஜைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு நீலப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஆர்டுயினோ என்று பெயர். 2005-ல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில் மாணவர்களுக்காகப் பிறந்தது. உஷ்ணம், ஈரம், வெளிச்சம் இவற்றை அளந்து சொல்லும். விளக்கை ஏற்று என்றால் ஏற்றும். ஆனால் ஞாபகசக்தி குறைவு. யூனோ என்ற வகையின் பழைய பலகைகளுக்கு வேலை நேரத்து நினைவு 2,048 எழுத்துக்கு மேல் கொள்ளாது. அதனால்தான் பெரியவரான கம்ப்யூட்டரின் துணை வேண்டியிருக்கிறது.

இருவரும் பேசுவதற்கு மூன்று விதிகள் உண்டு. முதலாவது, இவர் வாய் அவர் காதுக்கும், அவர் வாய் இவர் காதுக்கும் போக வேண்டும். யு.எஸ்.பி. கம்பியைச் செருகினால் பலகையே இதைப் பார்த்துக்கொள்ளும்; தனிக் கம்பிகளால் இணைத்தால் நாம்தான் மாற்றிப் போட வேண்டும். இரண்டாவது, பேச்சின் வேகம் ஒன்றாக இருக்க வேண்டும். 9,600 பாட் என்பது வழக்கமான வேகம். விநாடிக்கு 960 எழுத்து போகும். ஒருவர் வேகம் மாறினாலும் திரையில் எழுத்தெல்லாம் கந்தர்கோளம்தான்! மூன்றாவது, வாக்கியம் முடிந்ததற்கு ஓர் அடையாளம் வேண்டும். இல்லாவிட்டால் எதிராளி, "அப்புறம்?" என்று காத்துக்கொண்டே இருப்பார்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், சொன்னது காதில் விழுந்ததா என்று எப்படித் தெரியும்? பதில் வந்தால்தான் தெரியும். இருவழிப் பேச்சின் உயிர் இதுதான்.

பெரிய வாணவேடிக்கைகள் பலவற்றில் இப்போது திரியைக் கொளுத்த ஆள் ஓடுவதில்லை. ஒவ்வொரு வாணத்துக்கும் மின்சாரத் திரி. கட்டளை தூரத்திலிருந்து வருகிறது. நல்ல கருவிகளில், வேடிக்கை தொடங்குமுன் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, "இணைப்பு இருக்கிறதா?" என்று ஒவ்வொரு திரியையும் விசாரிப்பார்கள். பதில் வராத வாணம் எது என்று அப்போதே தெரிந்துவிடும். தெரியாமல் போனால், வெடிக்காத வாணம் மைதானத்தில் கிடக்கும். யாரோ ஒருவர் அருகே போவார்.

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாள் முதல், விருதுநகர்ச் சீமைக்கு நெருப்புதான் சோறு போடுகிறது. அந்த நெருப்பே காவும் வாங்குகிறது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்ல. தீயைக் கண்டு உதவ ஓடி வந்தவர்கள். உள்ளே இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

அதற்காக இந்தப் பலகையை மருந்து அறைக்குள் மாட்டிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன மின்பொறி போதும், விபரீதத்துக்கு. அங்கே வெடிமருந்து அறைக்கென்றே சோதித்து அனுமதித்த கருவிகள்தாம் ஆகும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பலகையை அல்ல, அது கற்றுத்தரும் வழக்கத்தை. இரண்டு விநாடிக்கு ஒரு தரம் கம்ப்யூட்டர், "இருக்கிறாயா?" என்று கேட்கட்டும். பதில் வராவிட்டால், "எல்லாம் நலம்" என்று எண்ணாமல் அபாய மணியை அடிக்கட்டும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி, நெருப்புக்குச் சரியல்ல.

தீபாவளியன்று உங்கள் வாசலிலும் இதே கதைதான். வெடிக்காத பட்டாசைக் குனிந்து பார்க்கப் போகும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுங்கள். தள்ளி நின்று நிதானமாகக் காத்திருந்து, பிறகு பெரியவர்கள் தண்ணீரை ஊற்றி நனைத்துவிடுங்கள். பதில் சொல்லாத பட்டாசு இன்னும் பேசி முடிக்கவில்லை.