பெட்டியில் லைட் எரிந்தால் போதுமா?

ஆண்டு மலருக்கு ஒரு கவிதை கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நம்ம வகுப்பில் இந்த வருஷம் ஆறேழு பேர் கேம் ஆடுவதற்கென்றே கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணக் கிளம்பியிருக்கிறார்கள். தினமும் மதியம் சோத்துப் பாத்திரத்தைத் திறந்ததும் பட்டிமன்றம் தொடங்கிவிடும். ஆர்.டி.எக்ஸ். 3060 நல்லதா, 5060 நல்லதா? இன்டெல்லா, ரைசனா? கண்ணாடி கேபினெட்டில் ஃபேன் மூணு போதுமா, ஆறு வேணுமா? இவ்வளவு பேசுகிறவர்களிடம், "எஸ்.எம்.பி.எஸ். என்ன போடப் போற மக்கா?" என்று கேட்டால், "அதைக் கடைக்காரன் போட்டுத் தருவாம்லே" என்று பதில் வருகிறது. இத்தனைக்கும் நாமெல்லாம் எலெக்ட்ரிகல் படிக்கிற பிள்ளைகள்!

அறுபதாயிரம், எழுபதாயிரத்துக்குள் கம்ப்யூட்டர் வாங்கும் நம்மைப் போன்றவர்கள் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்.ஸைத்தான், அதற்கும் முன்னால் வீட்டு எர்த்தைப் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு அதற்குப் பிறகுதான் என்பது என் தாழ்மையான கருத்து. சிரிக்காதீர்கள். நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

என் பெரியப்பா மகன் அண்ணன் 2024-ல் ஐம்பத்தைந்தாயிரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் போட்டார். ஜி.டி.ஏ. 5 அதில் ஓடிய அழகைப் பார்த்து நான் ராத்திரி தூங்கவில்லை. புரட்டாசி மாசம் ஒருநாள் பெரியம்மா ஈரத்துணியால் கேபினெட்டைத் துடைத்தவர்கள் கையை உதறிவிட்டு, "லே மக்கா, இந்தப் பெட்டி எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குங்கே" என்றார்கள். நான் மீட்டரை வைத்துப் பார்த்தேன். கேபினெட் பாடிக்கும் தரைக்கும் இடையே 104 வோல்ட் ஏ.சி. காட்டியது. பழைய ஓட்டு வீடு. சுவரில் மூணு துவாரமுள்ள பிளக் பாயிண்ட் இருக்கிறது, ஆனால் மூணாவது துவாரத்துக்கு வயரே இல்லை.

இதன் காரணம் நமக்குத் தெரிந்ததுதான். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இரைச்சலை வடிகட்ட, ஃபேஸுக்கும் பாடிக்கும் நடுவில் ஒன்று, நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவில் ஒன்று என்று சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் இருந்தால் அதன் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பாடி இரண்டு கெபாசிட்டருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, 230 வோல்ட்டில் பாதியளவு, அதாவது 115 வோல்ட்டை ஒட்டி நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போய்விடும். ஆனால் உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து ஃபேஸ் பாடியில் பட்டால் ஃப்யூஸ் போவதற்கு வழியே இல்லை. பாதை தொடுகிற ஆள்தான்!

இவ்வளவும் தெரிந்த நான் அன்றைக்கு என்ன செய்தேன்? "செருப்புப் போட்டுட்டுத் தொடுங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு கேம் ஆடிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் ஆண்டு எலெக்ட்ரிகல் மாணவன்! இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி மழையில் ஒருநாள் போன கரண்ட் திரும்பி வந்தபோது 'டப்' என்று சத்தம் கேட்டது. எஸ்.எம்.பி.எஸ். போனதோடு மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இதை எர்த்தின் தலையில் போட மாட்டேன். எர்த் இருந்திருந்தாலும் நடந்திருக்கலாம். ஏறி வந்த வோல்ட்டேஜைத் தடுத்துத் தானே நின்றுகொள்ளும் பாதுகாப்பு அந்த மலிவுச் சாமானுக்குள் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கடையில் போய்க் கேட்டால், "வோல்ட்டேஜ் ஏத்த இறக்கத்துக்கு வாரண்டி கிடையாது தம்பி. ஆமா, பில் எங்க?" என்றார்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று அண்ணன் பில் இல்லாமல் வாங்கியிருந்தார். கையில் இருந்தது வெள்ளைத் தாளில் எழுதிய எஸ்டிமேட் மட்டும்தான். ஐம்பதாயிரத்துக்கு ஒன்பதாயிரம் வரி என்பது நமக்குப் பெரிய பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் சீரியல் நம்பர் எழுதின பில் இல்லாதவனுக்கு மூணு வருஷ வாரண்டியும் வெறும் காகிதம்தான்.

என் முறை 2025 ஆடியில் வந்தது. அம்மாவுக்குச் சீட்டு விழுந்த பணம் அறுபதாயிரம். நான் வாங்கின கொட்டேஷன் 64,500 ரூபாய்க்கு இருந்தது. ஐ5-12400எஃப் பிராசசர், 16 ஜி.பி. ராம், 3060 கார்டு, மானிட்டர் எல்லாம் நல்ல சாமான்தான். ஆனால் கலர் கலராக மின்னுகிற கண்ணாடிக் கேபினெட்டுக்கு 5,500 ரூபாய், அத்தனைக்கும் உயிர் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு 1,300 ரூபாய்! முன்பக்கம் வலை வைத்த சாதா கேபினெட் 2,800, பிராண்ட் பேர் உள்ள 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். 4,200 என்று மாற்றிக் கேட்டேன். மொத்தத்தில் கூடியது 200 ரூபாய்தான். வலைக் கேபினெட்டில் காற்றும் நன்றாகப் போகும். கடல் பக்கத்து உப்புக் காற்றும் தூசியும் கண்ணாடிக்காரனுக்கும் உண்டு, வலைக்காரனுக்கும் உண்டு; வலையைக் கழற்றிக் கழுவலாம் என்பதுதான் வித்தியாசம்.

எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது பெட்டியில் பெரிசாக எழுதின வாட்டை நம்பாதீர்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 12 வோல்ட் லைனில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கார்டும் குடிப்பது அந்த லைனில்தான். அண்ணனுடைய டப்பாவில் '450 வாட்' என்று போட்டிருந்தது. ஸ்டிக்கரில் 12 வோல்ட், 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட்தான் வருகிறது. 3060 கார்டு ஒன்றே 170 வாட் கேட்கும்! நான் வாங்கினதில் 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட். '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரை இருந்தால் நல்லது. பாதி லோடில் 85 சதவீதம் அளவுக்குத் திறன் கிடைக்கும். ஆனால் அது திறனுக்கான முத்திரை மட்டுமே. ஓவர் வோல்ட்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

பணம் போதவில்லையே, அதற்கு என்ன செய்தேன்? கார்டையே விட்டுவிட்டேன். நண்பர்கள் என்னைப் பைத்தியக்காரன் என்றார்கள். 12400எஃப்-க்குப் பதிலாக, ஏறக்குறைய மூவாயிரம் அதிகம் கொடுத்து, எஃப் இல்லாத 12400 வாங்கினேன். எஃப் என்று முடிகிற பிராசசரில் படம் காட்டும் பகுதி வேலை செய்யாது. கார்டு இல்லையென்றால், அல்லது கார்டு ரிப்பேருக்குப் போனால், மானிட்டர் இருட்டுதான். ரைசன் பக்கம் போகிறவர்களுக்கு 5600ஜி இதே வேலையைச் செய்யும். என் கம்ப்யூட்டரில் இப்போது குறைந்த செட்டிங்கில் வேலோரண்ட் ஓடுகிறது. ஜி.டி.ஏ. 5 தட்டுத் தடுமாறி ஓடும். ஆட்டோகேடும் சர்க்யூட் சிமுலேஷனும் தாராளமாக ஓடுகின்றன. கார்டு பிறகு வந்தாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்ற வேண்டியதில்லை.

மிச்சப் பணத்தில் முதல் செலவு எர்த் குழி. கிணற்றடிப் பக்கம் ஈரமான இடம் பார்த்து, ஜி.ஐ. பைப், கரி, உப்பு போட்டு, வயர்மேன் அண்ணன் ஒருவரோடு நானும் நின்று செய்தேன். ஆள்கூலி உட்பட 2,400 ரூபாய். கேபினெட்டில் மீட்டர் வைத்தால் இப்போது ஒரு வோல்ட்டுக்கும் கீழே. பெரியப்பா வீட்டிலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குழி தோண்டினோம். பெரியம்மா எல்லாருக்கும் மட்டிப்பழமும் காப்பியும் தந்தார்கள்.

யு.பி.எஸ். வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆடிக் காற்றில் தென்னமட்டை லைனில் விழுவது நம்ம ஊரில் புதிதில்லையே. ஆனால் சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். 360 வாட்தான் தரும் என்பதை மனதில் வைத்து வாங்குங்கள்.

அப்பா என்னிடம், "இது படிக்கவா, விளையாடவா?" என்று கேட்கவில்லை. "எவ்வளவு கரண்ட் இழுக்கும் மக்கா?" என்றுதான் கேட்டார். கார்டு போட்ட பிறகு மானிட்டரோடு சேர்த்து 300 வாட், தினம் மூணு மணி நேரம், 60 நாளைக்கு 54 யூனிட் என்று தாளில் போட்டுக் காட்டினேன். "அப்ப ரெண்டு மணி நேரம் ஆடு" என்றார். 36 யூனிட்!

ஒரு விஷயத்தில் என் கணக்கு தப்பியிருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆவணியில் 3,500 ரூபாய்க்கு வாங்கின ராம், மார்கழியில் அதே கடையில் இரு மடங்குக்கும் மேல். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதால் உலகம் முழுக்க விலை ஏறியது. மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில், நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற 'குரூஷியல்' சாமான்களையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. கிராபிக்ஸ் கார்டிலும் மெமரி சிப்தானே இருக்கிறது! அதனால் கார்டைத் தள்ளிப் போட்டதில் எனக்கு நஷ்டம் வரலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கார்டு மலிவு என்று ஒரு சீனியர் ஆசை காட்டுகிறார். கிரிப்டோ மைனிங்கில் ராப்பகலாக வெந்த கார்டுகள், எத்தேரியம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றியதும் சந்தைக்கு ஏராளமாக வந்தன. வெளியே துடைத்து வைத்தால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? அரை மணி நேரம் லோடில் ஓட்டிக் காட்டச் சம்மதிக்காத கடையில் வாங்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

மானிட்டர், எஸ்.எஸ்.டி. பற்றியெல்லாம் யூடியூபில் எக்கச்சக்கம் பேசுகிறார்கள், அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொட்டேஷன் வாங்கினால் எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து மதியம் எலெக்ட்ரிகல் லேபுக்குக் கொண்டு வாருங்கள், பெருக்கிப் பார்ப்போம். வீட்டில் பெட்டி கடிக்கிறதென்றால் மதியம் வரை காத்திருக்க வேண்டாம். காலையிலேயே சொல்லுங்கள், மீட்டரோடு வந்துவிடுகிறேன்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை, கொட்டாரம்